மாமன் இல்லாத காது குத்து

அறுபதுகளில் என்னோடு பாவாடை தடுக்கி விழுந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நிதானமாக உட்கார்ந்து சொல்ல எனக்கு வராது. இப்போதுகூட இரண்டு வரி எழுதிவிட்டு, அடுப்பை அணைத்தேனா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அணைத்துத்தான் இருந்தது. அத்தைக்குக் காலில் சக்கரம் என்று மருமகள் கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். அந்தச் சக்கரம் எந்தக் கோடையில் மாட்டியது என்று எனக்கல்லவா தெரியும்!

எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில், மைதானத்துக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில் இருந்தது. அப்பா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அந்தத் தெருவில் ஒரு விசேஷம் உண்டு. சாயங்காலம் தெரு நடுவில் நின்று 'மாமா' என்று ஒரு குரல் கொடுத்தால் எட்டிப் பார்க்கிற தலைகளில் பாதி பெண்களாக இருக்கும்.

ஏன் சிரிக்கிறீர்கள்? நிஜம்தான். எங்களுக்கு மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவர், அத்தையின் வீட்டுக்காரர், அப்புறம் போஸ்ட்மேன், போலீஸ், ஐஸ் வண்டிக்காரர் வரைக்கும் மாமாதான். கூடாத தொழில் ஒன்றுக்கும் அதே பேர் என்பதை அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. வலது பக்கத்து வீட்டில் கிறிஸ்தவர்கள். அந்த வீட்டுக்காரர் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர். அவர் பிள்ளைகள் அம்மாவை மூக்கால் இழுத்து 'மமாங்' என்பார்கள். சளி பிடித்த நாளில் அது சுத்தமாக 'மாமா' ஆகிவிடும். எதிர் வீடு முன்ஷி வீடு, உருது பேசுகிறவர்கள். அவர்களுக்கு மாமா என்றால் வீட்டு வேலை செய்கிற அம்மாள். சமையல்கட்டில் ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும் வயசான அம்மாளை முன்ஷியின் பிள்ளைகள் 'மாமா, பானி' என்று விரட்டுவார்கள். பொம்பளையைப் போய் மாமா என்கிறார்களே என்று நான் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாளோ கை நிறைய மாவோடு ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து, நாங்கள் கத்தினோம் என்று தெரிந்ததும் எங்கள் முகத்தில் மாவை அப்பிவிட்டுப் போவாள்.

அந்தக் கணக்கில் இன்னொரு மாமா ரங்கூனிலிருந்து வந்து சேர்ந்தது.

பர்மாவிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. அம்மாவுக்கு ஒரே தம்பி. மீசை முளைக்கும் முன்பே கப்பலேறிப் போனவர். அப்பா மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு தகரப் பெட்டி, ஒரு காகிதக் குடை, என் வயசில் ஒரு பெண். கொண்டுவர விட்டது அவ்வளவுதானாம்.

அந்தக் குடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அரக்குச் சிவப்பு. மூங்கில் கம்பி. விரித்தால் எண்ணெய் வாசனை அடிக்கும். வெயிலில் அதன் கீழே நின்றால் கை கால் எல்லாம் செக்கச் செவேலென்று தெரியும். அது பின்னால் எங்கே போனது என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. நான் வீடு மாறும்போதெல்லாம் பரணில் தேடுவேன், அது என் பரணில் இருக்க நியாயமே இல்லை என்றாலும்.

அந்தப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் மாதிரி மஞ்சளாக எதையோ வட்டமாகப் பூசியிருந்தது. தனக்கா என்று ஒரு மரப்பட்டையை அரைத்துப் பூசுவார்களாம். அம்மா அதைப் பார்க்கவில்லை. அவள் தலைமுடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தாள்.

"ஐயய்யோ! இன்னாடா இது, மூளிக் காது?"

"ரெண்டு பொண்ணுங்களுக்கும் சேத்து செய்யலாம்னு இருந்தோம்கா" என்றார் மாமா.

அப்போதுதான் இன்னொரு பெண் இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. பெரியவள் அவள் அம்மாவோடு ரங்கூனிலேயே இருந்தாள். அந்த அம்மாள் பர்மாக்காரி. அவளுடைய தாய் படுத்த படுக்கையாம், தாயைப் பார்த்துக்கொள்ள அவர்கள் நின்றுவிட்டார்களாம், அடுத்த கப்பலில் வருவார்களாம். மாமா இதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மா நம்பினாளா என்று தெரியவில்லை. அவளுக்குப் பர்மாக்காரி என்ற வார்த்தையே தொண்டையில் இறங்கவில்லை. அந்தக் கல்யாணத்தை எங்கள் வீட்டில் யாரும் கல்யாணம் என்று சொன்னதில்லை. "அங்க இருந்தப்போ ஒரு இது" என்பார்கள்.

ரங்கூன்காரி என்று நாங்கள் பேர் வைத்தோம். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. வந்த புதிதில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'மமா, மமா' என்று முனகிக்கொண்டிருப்பாள். அவளுக்கு மாமாவெல்லாம் கிடையாதே, யாரைக் கூப்பிடுகிறாள் என்று கேட்டேன். மாமாதான் சொன்னார், பர்மா பாஷையில் மமா என்றால் அக்கா.

எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை. அவள் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். வலது பக்கத்து மமாங்கைக் காட்டினேன். எதிர்வீட்டு மாவுக்கை மாமாவைக் காட்டினேன். ஐஸ் வண்டி மாமாவைக் காட்டினேன். நடுத்தெருவில் நின்று இரண்டு பேரும் சேர்ந்து 'மாமா' என்று கத்தினோம். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரங்கூன்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்று போய், தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கூப்பிட்ட ஆள் வரவில்லையே.

அன்றைக்குத் தொடங்கிய பைத்தியம்தான். இரண்டு பக்கமும் இருக்கிற வார்த்தைகளாக நாங்கள் பொறுக்கினோம். பூ என்றால் அவளுக்குச் சூடு. அம்மா மல்லிகைச் சரத்தோடு வந்து "பூ வெச்சிக்கடி" என்றதும் அவள் தலையைப் பொத்திக்கொண்டு ஓடினாள், வேண்டுமென்றேதான். நீ என்றால் சிவப்பு. அதனால் யாராவது அவளை 'நீ' என்றால் காகிதக் குடையைக் கொண்டுவந்து காட்டுவாள். சா என்றால் சாப்பிடு. இந்தச் சா எங்களுக்குப் பெரிய வினையாக வந்தது.

ஊரிலும் அப்போது பாஷைதான் பேச்சு. சுவரெல்லாம் தார் எழுத்து. ரயில்வே ஸ்டேஷன் பலகையில் இந்தியை மட்டும் தாரால் மெழுகியிருந்தார்கள். கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி கோடை லீவு வந்துவிட்டது. எங்களுக்கு ஒரே சுற்றல். மைதானத்தில் புழுதி, பலாப்பழ வாசனை, வெந்து போகிற வெயில். மாமாவுக்கு வேலை கிடைக்கவில்லை. தினமும் குளித்து முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு முதுநகர் வரைக்கும் நடந்து போய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவார். ஆள் ஏற்றி வருகிற கப்பல் மெட்ராசுக்குத்தான் வரும், இங்கே வராது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் போவார். அப்பா முதல் மாசம் "ரெஸ்ட் எடு மச்சான்" என்றார். அப்புறம் ரெஸ்ட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

இந்த நேரத்தில்தான் சிதம்பரத்து வளையல் கடைக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெற்கு வீதியில் கடை. நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரு தங்கை, வயசு முப்பதைத் தாண்டிவிட்டது, ஜாதகக் கோளாறு என்று கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மாமாவுக்கு அந்தப் பெண்ணைக் கொடுத்து, கடையிலேயே ஓரிடமும் கொடுத்துவிடலாம் என்று பேச்சு. அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பலாச்சுளையைத் தேனில் போட்டு, தட்டில் வைத்து, ரங்கூன்காரியிடம் கொடுத்து அனுப்பினாள்.

ரங்கூன்காரி அவர் முன்னால் போய்க் குனிந்து, தட்டை நீட்டி, தேனொழுகச் சிரித்துக்கொண்டு, "சா" என்றாள். ஒரு தடவை இல்லை. "சா, சா."

அவர் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "சாப்டுங்கன்னு சொல்லுதுங்க! அவுங்க பாஷையில அப்டிதாங்க!" என்று அம்மா ஓடி வந்தாள். பர்மாவில் அது மரியாதையான உபசாரம்தான், பொய்யில்லை. ஆனால் தமிழில் அது என்ன என்று முந்தின நாள்தான் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் சமையல்கட்டுக்குள் ஓடிப் போய் முந்திரிப்பழக் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து சிரித்தேன்.

அவர் போனதும் இரண்டு பேருக்கும் முதுகில் விழுந்தது. "இனிமே இந்த ஊட்டுல அந்தப் பாஷை ஒரு வார்த்தை கேக்கக் கூடாது" என்றாள் அம்மா. "ரோட்டுல ஒரு போராட்டம் போதாதா, நீ வேற" என்று அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பாஷையை மறந்தால் அழுகை நின்றுவிடும் என்று அம்மா நினைத்தாள். கெட்ட எண்ணம் இல்லை. பெரியவர்களின் கணக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தது. அழுகை நிற்கத்தான் செய்தது. கூடவே பேச்சும் நின்றது.

கடைக்காரருக்குக் கல்யாணத்தில் ஆட்சேபம் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். முதல் தாரம் என்று ஒருத்தி எங்கோ இருக்கிறாள், நாளைக்கு இந்தப் பெண் என் தங்கையை அம்மா என்று ஏற்குமா? அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்யாணத்துக்கு முன்னால் காது குத்து. கடைக்காரர் தாய்மாமனாக உட்காருவது.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் பேரப்பிள்ளைகள் யாராவது எட்டிப் பார்த்துப் படித்தால் தெரியட்டும். காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிற உரிமை தாயோடு பிறந்தவனுக்குத்தான். தோடும் அவன் கொண்டு வருவதுதான். அப்பன் பக்கத்தில் நிற்கலாம், அவ்வளவுதான். அப்படியானால், யார் மடியில் வைத்துக்கொள்கிறாரோ அவர் தங்கைதான் அம்மா என்று ஊரார் முன்னால் ஆகிவிடும். அதற்கப்புறம் ரங்கூனில் இருக்கிறவள் யாரோ ஒருத்தி.

"காதும் ஆச்சி, அம்மாவும் ஆச்சி, இவனுக்கு ஒரு கடையும் ஆச்சி" என்று அம்மா வலது பக்கத்து வீட்டு மமாங்கிடம் சுவர் வழியாகச் சொன்னாள். மாமா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். எனக்கு அவர் மேல் பற்றிக்கொண்டு வந்தது. வாயில் என்ன கொழுக்கட்டையா?

நான் மைதானத்தில் ரங்கூன்காரியைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் புழுதியைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்புறம் உடைந்த தமிழில் சொன்னாள்.

"எனக்கு மாமா இருக்கு. அம்மா தம்பி. சைக்கிள் ரிப்பேர். என்ன முன்னால வெச்சி, மமா பின்னால வெச்சி ஓட்டும். அவரு வரும். மமா வரும். ரெண்டு பேருக்கு ஒண்ணா காது."

"அது வரைக்கும் இவங்க சும்மா இருக்க மாட்டாங்கடி."

"நான் காது குடுக்க மாட்டேன்."

சொன்னதைச் செய்தாள். ஒரு துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். காது வலிக்கிறதாம். அந்த வெயிலில், வேர்த்து விறுவிறுத்து, துண்டோடு சாப்பிட்டாள், துண்டோடு தூங்கினாள். அம்மா அவிழ்த்துவிடுவாள், அவள் திரும்பக் கட்டிக்கொள்வாள். ஒரு நாள் மாமா அவளைக் கூப்பிட்டு முன்னால் குந்த வைத்தார். சரி, அவிழ்க்கப் போகிறார் என்று பார்த்தேன். அவிழ்த்தார். வேர்க்குரு இருந்த இடத்திலெல்லாம் தனக்காவை அரைத்துப் பூசினார். காயும் வரைக்கும் விசிறினார். அப்புறம் அவரே அந்தத் துண்டைத் திரும்பக் கட்டிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்க்கப் போய்விட்டார். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரியான மண்ணு என்று நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு நல்ல நாள் பார்த்துக் கிளம்பினோம். திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று, ஆளுயரத்துக்கு, சீராக எடுத்துக்கொண்டு போனோம். அதன் முள் என் முழங்காலை வழியெல்லாம் குத்தியது. நான் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என்ஜின் கரி கண்ணில் விழுந்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரங்கூன்காரி துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

சிதம்பரத்தில் கடைக்காரர் வீட்டில் இட்டிலி போட்டார்கள். கதவுக்குப் பின்னால் அந்தத் தங்கை நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் மனசுக்குள் அவளுக்குக் கோரைப்பல்லெல்லாம் வைத்துப் பார்த்திருந்தோம். கடைசியில் மெலிந்த ஒரு அக்கா. கையில் ஒரே ஒரு ஜோடிக் கண்ணாடி வளையல், வளையல் கடைக்காரர் வீட்டில்! தண்ணீர் கொடுக்கும்போது ரங்கூன்காரியின் துண்டைப் பார்த்து, "வலிக்குதா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

தெருக்கோடியில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அங்கேதான் ஏற்பாடு. மணை போட்டிருந்தது. பத்தர் ஊசியைத் தீயில் காட்டி எடுத்துத் துடைத்தார். கடைக்காரர் ஜரிகை வேட்டியில், விபூதி பளபளக்க, கையில் தட்டோடு நின்றார். தட்டில் புதுக் கவுன், வாழைப்பழம், சிவப்புக் காகிதத்தில் பொதிந்த தங்கத் தோடு. அம்மா பாய்ந்து ரங்கூன்காரியின் தலையில் இருந்த துண்டை உருவினாள். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கத்தவில்லை, அழவில்லை. தன் அப்பாவைப் பார்த்தாள்.

"நேரம் ஆவுது. தாய்மாமன் வந்து குந்துங்க" என்றார் அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர்.

கடைக்காரர் தட்டைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வேட்டியை ஒதுக்கினார். அதற்குள் மாமா விடுவிடுவென்று நடந்து போய் மணையில் குந்தினார். பெண்ணை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒருத்தருக்கும் முதலில் புரியவில்லை.

"டேய், எழுந்திருடா! அது மாமன் குந்துற எடம்" என்றாள் அம்மா.

"யோவ், நீ பொண்ணுக்கு அப்பன்யா" என்றார் பெரியவர், சிரித்துக்கொண்டே.

மாமா எழுந்திருக்கவில்லை. "குத்துங்க பத்தரே" என்றார்.

"மாப்ள, முறைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்றார் கடைக்காரர். குரல் மாறிவிட்டது.

"எனக்கு முறையெல்லாம் தெரியாதுங்க. சின்ன வயசுலேயே பர்மாவுக்குப் போயிட்டேன்." இதைச் சொல்லும்போது மாமாவின் கை பெண்ணைச் சுற்றி இறுகியிருந்தது. ரங்கூன்காரி மெதுவாகக் காதிலிருந்து கையை எடுத்தாள். அவளாகவே எடுத்தாள். பத்தர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். மாமா விடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் வேறு வழியில்லாமல் குத்திவிட்டார். ஒரு காது, அப்புறம் இன்னொரு காது.

"தோடு குடுங்க" என்று கையை நீட்டினார் பத்தர். தோடு இல்லை. கடைக்காரர் தங்கை கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருத்தராகச் செருப்பைத் தேடினார்கள். "அப்பன் மடியில காது குத்துன கொடுமைய எங்கயாவது கேட்டிருக்கமா?" என்று யாரோ கேட்டுக்கொண்டே போனார்கள். பத்தர் வெளியே போய் வேப்பங்குச்சி இரண்டு ஒடித்து வந்து, சீவி, அந்தத் துளையில் செருகினார். அப்பா கோயில் வாசலில் நின்று அடுத்த ரயில் எப்போது என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தங்கை மட்டும் போகவில்லை. குனிந்து, புடவைத் தலைப்பை நனைத்து, ரங்கூன்காரியின் கழுத்தில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துவிட்டாள். அண்ணன் வெளியிலிருந்து கூப்பிட்டதும் போனாள். மாமாவை அவள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. அவளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் யாரையும் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும்.

முறை தெரியாதவன் என்ற பேர் மாமாவுக்கு நிலைத்துவிட்டது. கல்யாணம், கருமாதி, எங்கே போனாலும் "பாத்து, எந்த எடத்துலயாவது போய் குந்திக்கப் போறாரு" என்று கிண்டல். பர்மாவில் இருந்து இருந்து மறந்துவிட்டது என்று அம்மாவே எல்லாரிடமும் சொன்னாள். அவர் பண்ருட்டியில் லாரி ஆபீசில் பலாப்பழம் ஏற்றிவிடுகிற வேலைக்குப் போனார். சாகிற வரைக்கும் அந்தக் கிண்டலுக்குச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் அன்றைக்கு ரயிலில் நடந்தது எனக்குத் தெரியும்.

பெட்டியில் கூட்டமில்லை. வெயில் சாய்ந்திருந்தது. அப்பாவும் ரங்கூன்காரியும் கோடி ஜன்னலில். இந்தப் பக்கம் மாமா, அம்மா, அம்மாவின் பக்கத்தில் நான். பரங்கிப்பேட்டை தாண்டும் வரைக்கும் அம்மா வாயை மூடவில்லை.

"கடைய குடுக்கறேன்னாரே அந்த மனுஷன்! உனக்கு அறிவு கிறிவு இருக்குதா? மாமன் மடின்னா இன்னான்னு தெரியாதா உனக்கு? எனக்குக் காது குத்தும்போது மாமன் மடியில நான்தான் குந்துவேன்னு நீ உருண்டு அழுதியாம். ஆயா சொல்லிச் சொல்லிச் சிரிக்குமே!"

"தெரியும்கா" என்றார் மாமா.

அம்மா நிறுத்தினாள்.

"தெரிஞ்சிதான் குந்துனேன். புள்ளையோட அம்மாவுக்குத் தம்பி இருக்கான்கா. உசுரோட இருக்கான். இன்னொருத்தர எப்டிக்கா அங்க குந்த வெக்கிறது?"

"அப்போ அவுங்க வந்தப்புறம் செஞ்சிருக்கலாமேடா. அடுத்த கப்பல்ல வராங்கன்னு சொன்னியே."

மாமா கோடி ஜன்னலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் தூங்குகிற மாதிரி அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தேன்.

"வர மாட்டாங்கக்கா. கப்பல் ஏத்தும்போதே சொல்லிட்டா. அவுங்கம்மாவ வுட்டுட்டு, ஊர வுட்டுட்டு வர மாட்டேன்னா. நான் இருந்தா அங்க பொழைக்க முடியாது. ஆளுக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டா. பெரியவள அவ எடுத்துக்கினா."

அம்மாவின் தோள் என் கன்னத்துக்குக் கீழே கல்லாக இருந்தது. பெற்றதைப் பங்கு போட்டுக்கொண்டு கரையில் நிற்கிற ஒருத்தியை அம்மா அப்போதுதான் பார்த்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது.

ரங்கூன்காரி ஆடி ஆடி நடந்து எங்களிடம் வந்தாள். காது இரண்டும் வீங்கி, வேப்பங்குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. வந்ததிலிருந்து மாமாவிடம் மட்டுமே கேட்கிற கேள்வியை அன்றைக்குத் தமிழிலேயே கேட்டாள்.

"அப்பா, கப்பல் எப்போ வரும்?"

மாமா கையை நீட்டி, சாய்ந்திருந்த வேப்பங்குச்சி ஒன்றை நேராக்கினார். அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. ஓடுகிற ரயிலில் எங்கே ஓடுவது?

அம்மா அவளை இழுத்துத் தன் மடியில் குந்த வைத்துக்கொண்டாள். அவிழ்ந்து கிடந்த முடியைக் காதில் படாமல் ஒதுக்கிவிட்டாள்.

"ஆனி மாசம் வரும்டி" என்றாள்.

ஆனி வந்தது. "ஆடிக் காத்துல கப்பல் வுட மாட்டாங்க, ஆவணியில வரும்" என்றாள். ஆவணி போனது. "ஐப்பசி மழை நிக்கட்டும்" என்றாள். ஒவ்வொரு தடவையும் ஒரு மாசத்தின் பேரைச் சொல்வாள், கையில் இருக்கிற வேலையை நிறுத்தாமல், அரிசி களைந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ. ரங்கூன்காரி தலையாட்டிவிட்டுப் போவாள். கேட்பது குறைந்தது. ஒரு தை மாசத்தில் கேட்பதையே விட்டுவிட்டாள்.

அதற்கப்புறமும் அம்மா விடவில்லை. யாரும் கேட்காமலே, சோறு போடும்போது திடீரென்று, "பங்குனியில வந்துடுவாங்கடி" என்பாள்.